நாலரை அடி ஃபிலிமுக்கு ஒரு பதில் சொல்லுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், பழைய படங்களின் நெகட்டிவ் உரிமையைக் கையில் வைத்திருக்கும் அனைவருக்கும்,

ஒரு நடிகை அடுத்து நடிக்கப்போகும் படங்களின் பட்டியல் வெளியாகும்போது, இப்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி சேர்ந்து வருகிறது: அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் தயாராகிறதாம். படிப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. அந்தப் படத்தின் எடிட் அறையில் உட்காரப்போகிறவர்களுக்கு நெடிய அலைச்சலின் முதல் நாள். அந்த அலைச்சலில் பாதி உங்கள் அலுவலக வாசலில்தான் கழிகிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

எழுதுகிற நாங்கள் ஆவணப்படங்களுக்குப் பழைய காட்சிகளைத் தேடுகிறவர்கள், அனுமதி கேட்டுக் கடிதம் போடுகிறவர்கள், கிடைத்ததை வைத்துத் தொகுக்கிறவர்கள்.

நயன்தாராவைப் பற்றிய ஆவணப்படம் 2024 நவம்பர் 18 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அவர் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார். 2015-இல் வெளியான 'நானும் ரௌடிதான்' தொடர்பான காட்சிகளுக்கு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்டு இரண்டு ஆண்டு காத்திருந்ததாகவும், மூன்று விநாடிக் காட்சிக்காகப் பத்துக் கோடி ரூபாய் கேட்டுத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் நாங்கள் வாய் வைக்கப்போவதில்லை. தயாரிப்பாளரின் உரிமை தயாரிப்பாளருடையது. தர மாட்டேன் என்று சொல்வதும் அந்த உரிமைக்குள் அடக்கம்.

எங்கள் குறை வேறு. அந்த வாரம் ஊரே பேசியது, யார் யார் பக்கம் என்று. ஒரு க்ளிப்புக்கு அனுமதியை யாரிடம் கேட்பது, என்ன படிவத்தில் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும், விநாடிக்கு என்ன விலை என்ற நான்கு கேள்விகளை யாரும் எடுக்கவில்லை. இன்றுவரை அவற்றுக்குப் பொதுவான பதில் ஒன்று எங்கள் கைக்கு வரவில்லை. இத்தனைக்கும் அதே நயன்தாரா சில நாள் கழித்து, தயக்கமின்றி அனுமதி தந்த தயாரிப்பாளர்களுக்கு நன்றி சொல்லி ஒரு நீளமான பட்டியலும் வெளியிட்டார். ஆகக் கொடுக்கிற மனம் உள்ளவர்கள் உங்களில் நிறையப் பேர். கொடுப்பதற்கு ஒரு முறை இல்லை, அவ்வளவுதான்.

மூன்று விநாடி என்றால் எவ்வளவு என்பது ஃபிலிமில் வேலை பார்த்த உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் கணக்கு எழுத்தில் இருக்கட்டும். 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 பிரேம், விநாடிக்கு 24 பிரேம். மூன்று விநாடிக்கு 72 பிரேம், நாலரை அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. கேட்பது மூவாயிரத்தில் ஒரு பங்கு.

90 நிமிட ஆவணப்படம், இருபத்தைந்து ஆண்டு நடித்த ஒரு நடிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்திலிருந்து இருபது படங்களில் காட்சி வேண்டியிருக்கும். ஒரு படத்திலிருந்து 5 முதல் 20 விநாடி. எல்லாம் கூட்டினாலும் ஆறேழு நிமிடத்தைத் தாண்டாது. இதற்கு ஒரு க்யூ ஷீட் போடுவோம்: படத்தின் பெயர், வெளியான ஆண்டு, காட்சி, டைம்கோட் (படத்தில் அது எந்த நிமிடம், விநாடி, பிரேமில் வருகிறது என்ற எண்) தொடக்கம், முடிவு, விநாடி, பிரதி எங்கிருந்து வந்தது, உரிமை யாரிடம், அனுமதி எந்த நிலையில். அந்த அட்டவணையின் கடைசிப் பத்தியில் 'கேட்டாயிற்று' என்ற சொல் மட்டும் மாதக்கணக்கில் மாறாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒரே க்ளிப்புக்கு ஒரு காகிதம் போதாது. படத்துக்குத் தயாரிப்பாளர். அதில் பாட்டு ஓடினால் ஆடியோ கம்பெனி தனி. போஸ்டரோ ஸ்டில்லோ காட்டினால் அதற்கு வேறொரு கதவு. இதில் முதல் கதவு திறக்காமல் அடுத்ததைத் தட்டிப் பயனில்லை, ஏனென்றால் ஆடியோ கம்பெனி முதலில் கேட்பதே "படக்காரர் என்.ஓ.சி. கொடுத்தாச்சா?" என்பதுதான்.

உங்களில் பலர் ஃபோனிலேயே சொல்லிவிடுகிறீர்கள்: "எடுத்துக்கோங்க, நம்ம படம்தானே." நல்ல மனசுதான். ஆனால் அந்த வார்த்தையை வைத்து ஒரு பிரேம்கூட வெளியிட முடியாது. ஓ.டி.டி. நிறுவனங்கள், உரிமை வழக்கு வந்தால் இழப்பைத் தாங்குகிற 'எர்ரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்' காப்பீடு கேட்கின்றன. அந்தக் காப்பீட்டுக்கு ஒவ்வொரு விநாடிக்கும் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத க்ளிப்பை அவர்களுடைய சட்டப் பிரிவு கடைசி வாரத்தில் தூக்கிவிடும். அந்த இடத்தில் ஒரு பழைய பத்திரிகைப் புகைப்படம் வந்து மெதுவாகப் பெரிதாகும். ஆவணப்படங்களில் அடிக்கடி ஏன் புகைப்படங்களே ஊர்ந்துகொண்டிருக்கின்றன என்று யோசித்திருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

காகிதம் வந்தாலும் அது அரைகுறையாக வருகிறது. "எங்கள் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரி, கீழே முத்திரை. எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுக்கு, டிரெய்லரில் போடலாமா கூடாதா, ஒன்றும் இருக்காது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தரும் காகிதத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும் இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும்தான் கொள்ளப்படும். பயன்படுத்த மட்டும் தரும் உரிமத்துக்கும் இதே கணக்கு. உலகம் முழுக்க ஓடப்போகும் படத்துக்கு இந்தியாவுக்கு மட்டுமான காகிதம் எதற்கு ஆகும்? மறுபடி உங்களிடம் வருகிறோம். இதற்குள் மேனேஜர் மாறியிருப்பார், எல்லாம் முதலிலிருந்து.

இதைவிடப் பெரிய சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. எழுபதுகளில், எண்பதுகளில் வந்த படம் என்றால் தயாரிப்பாளர் காலமாகியிருப்பார். பிள்ளைகள் மூன்று பேர் மூன்று பக்கம். நெகட்டிவ் உரிமையைத் தொண்ணூறுகளில் சாட்டிலைட் சேனல்கள் வந்த புதிதில் ஒருவருக்கு விற்றிருப்பார்கள், அவர் 99 ஆண்டு என்று எழுதி இன்னொருவருக்கு. இடையில் பைனான்சியர் ஒருவர், தன் கடன் தீராமல் பிரதி தரக் கூடாது என்று ஃபிலிம் லேபில் லெட்டர் கொடுத்து வைத்திருப்பார். இவர்கள் யாரோடும் சம்பந்தமில்லாத நான்காவது ஆள் படத்தை யூடியூபில் ஏற்றி, மூலையில் தன் லோகோவையும் போட்டிருப்பார். ஒருவரிடம் பணம் கட்டி வாங்கினால் அடுத்த மாதம் மற்றவரிடமிருந்து நோட்டீஸ் வரும். லிங்க் டாக்குமென்ட் (உரிமை கை மாறி வந்த காகிதங்கள்) காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டால் அதைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறீர்கள். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்காமல் யாராவது பணம் கட்டுவார்களா?

2012-இல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் செல்லாது என்கிறது 18-ஆம் பிரிவு. ஸ்ட்ரீமிங் என்ற சொல்லே இல்லாத காலத்துக் காகிதங்களைப் பற்றிச் சண்டை வருவது ஏன் என்று இதிலிருந்தே தெரியும். உங்களுக்குள் இந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது ஆவணப்படக்காரர்களுக்கு மட்டுமல்ல, உங்கள் வியாபாரத்துக்கே நல்லது.

சரி, நடிகைக்கே என்ன உரிமை இருக்கிறது? திரையில் இருப்பது அவர் முகம். ஆனால் அந்த முகத்தில் ஒரு பிரேம்கூட அவருடையதில்லை. சட்டத்தின் பார்வையில் படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர். எழுத்து மூலம் சம்மதித்து நடித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்த நடிப்பைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதை நடிகர் தடுக்க முடியாது என்கிறது 38அ பிரிவு. தன் பெயரைச் சொல்லச் சொல்வதும் தன் நடிப்பைச் சிதைக்காமல் காத்துக்கொள்வதும் அடுத்த பிரிவில் அவருக்கு மிஞ்சுகின்றன. 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்ற சொற்களை அடிக்கோடிட்டு வையுங்கள். நாங்கள் கேட்கப்போவதில் முக்கியமானது அங்கேதான் இருக்கிறது.

விமரிசனம், ஆய்வு ஆகியவற்றுக்கு 52-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. உண்டுதான். மிகச் சிறிய அளவுப் பயன்பாட்டைப் பெரிதாக எடுக்கக் கூடாது என்ற கொள்கையை டெல்லி உயர் நீதிமன்றமும் 2012-இல் ஏற்றிருக்கிறது. ஆனால் அது நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டிய பதில். சின்ன பட்ஜெட் ஆவணப்படக்காரர் அங்கே போய் நிற்கும் நிலையில் இல்லை. நின்று ஜெயித்தாலும் அதற்குள் வெளியீட்டுத் தேதி போயிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வெளியான படங்களின் உரிமை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. டி.ஆர். ராஜகுமாரியின் 'ஹரிதாஸ்' (1944), 'சந்திரலேகா' (1948), கே.ஆர். விஜயாவின் 'கற்பகம்' (1963), சாவித்திரி நடித்த 'நவராத்திரி' (1964) எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஜெயலலிதாவின் முதல் தமிழ்ப்படமான 'வெண்ணிற ஆடை' 1965 என்பதால் அதன் கணக்கு ஓராண்டு தள்ளி, 2025 டிசம்பர் 31 வரை. காலம் முடிந்த படங்களுக்கும் அனுமதிக் கட்டணம் கேட்டு மிரட்டும் குரல்கள் வரத்தான் செய்கின்றன. அதே சமயம் எங்கள் ஆட்களும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: படத்தின் உரிமை முடிந்தால் பாட்டின் உரிமையும் முடிந்ததாகாது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு. பாபநாசம் சிவன் 1973-இல் காலமானார். 'ஹரிதாஸ்' படக்காட்சி விடுதலையாகிவிட்டாலும் அதில் அவர் எழுதிய வரிகளின் கணக்கு 2033 முடியும்வரை ஓடும். பாட்டை மௌனமாக்கிவிட்டுக் காட்சியை மட்டும் ஓட்டுவதற்கு இதுதான் காரணம்.

இனி, அனுமதி கிடைத்தபின் கையில் வருகிற பிரதியைப் பற்றி. மற்றதையெல்லாம்விட இதில்தான் எங்களுக்கு வயிறு எரிகிறது.

சினிமாஸ்கோப் படம் ஒன்று. ஒரு காட்சியில் கதாநாயகன் இடது ஓரம், கதாநாயகி வலது ஓரம், நடுவில் ஒரு தூண். அவன் பேசுகிறான், அவள் கேட்கிறாள். நீங்கள் அனுப்புவது தொண்ணூறுகளில் தொலைக்காட்சிக்காக எடுத்த டெலிசினி மாஸ்டர், அதாவது ஃபிலிமை வீடியோவாக மாற்றிய மூலப் பிரதி. அன்றைய டி.வி.யின் 4:3 சட்டத்துக்காக, உயரத்தைப்போல் 2.35 மடங்கு இருந்த அகலத்தை வெட்டியிருப்பார்கள். மிஞ்சுவது அகலத்தில் 57 சதவீதம். வெட்டியவர் பேசுகிறவனைத்தான் சட்டத்துக்குள் வைத்தார், அவர் வேலை அது. அவள் தோள்பட்டையும் பாதிக் கம்மலும் மட்டும் தெரியும். அந்த நடிகையைப் பற்றிய படத்துக்கு வேண்டியதே அந்தக் கேட்கிற முகம்தான்.

அந்த மாஸ்டரில் இன்னொரு கோளாறு. 24 பிரேமில் எடுத்த படத்தை டி.வி.க்காக 25 பிரேமில் ஓட்டியிருப்பார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாகும், குரல் அரைச்சுருதிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, 'இவர் குரல் இப்படியா இருந்தது' என்று தோன்றும். (அந்தக் குரலும் பெரும்பாலும் டப்பிங் கலைஞர் ஒருவருடையது. அவர் பெயர் உங்கள் காகிதத்திலும் இருப்பதில்லை, எங்கள் கிரெடிட்டிலும் இருப்பதில்லை. இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.) சரிசெய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமையும் அப்படியே வைத்து 24-இல் ஓட்டி, ஒலியையும் கூடவே இறக்க வேண்டும். அவசரத்தில் மென்பொருளிடம் விட்டுவிட்டால் அது விநாடிக்கு ஒரு பிரேமைத் தூக்கி எறியும். நடனக் காட்சியில் விநாடிக்கொரு தரம் கால் தடுக்கியதுபோல் குதிக்கும்.

பிறகு இன்டர்லேஸ். அந்தக் கால டி.வி. மாஸ்டரில் ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிகளாகக் கோடு விட்டுக் கோடு பதிவாகியிருக்கும். மாற்றும்போது அந்தப் பாதிகள் சரியாகச் சேராவிட்டால், நடிகை சட்டென்று திரும்பும் இடத்தில் கன்னத்தின் ஓரத்திலும் விரல் நுனியிலும் சீப்புப் பல் மாதிரிக் கோடு நிற்கும். பாதிகளின் வரிசை மாறிவிட்டால் காட்சி முழுக்க நடுங்கும். இதை மறைக்க இப்போது சிலர் ஏ.ஐ. மென்பொருளில் போட்டுப் பெரிதாக்குகிறார்கள். தோல் பிளாஸ்டிக் ஆகிறது. இமை முடி புதிதாக முளைக்கிறது. ஒரு பிரேமில் இருக்கும் மூக்குத்தி அடுத்த பிரேமில் இல்லை. ஆவணப்படத்தில் இதைப் போடுவது பொய்ச் சாட்சி சொல்வதற்குச் சமம்.

சிலர் தாராளமாக டி.சி.பி.யையே (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) கொடுத்துவிடுகிறார்கள். திரையரங்குக்காகப் பூட்டிய டி.சி.பி. என்றால் கே.டி.எம். என்கிற டிஜிட்டல் சாவி இல்லாமல் திறக்காது, பழைய கே.டி.எம். காலாவதியாகியிருக்கும். பூட்டாத டி.சி.பி. என்றாலும் அதன் நிறக்கணக்கு வேறு. மாற்றத் தெரியாமல் இழுத்துப் போட்டால் எல்லா முகமும் வெளிறும்.

எங்களுக்கு வேண்டியது சின்னது. 20 விநாடிக் காட்சி என்றால் முன்னும் பின்னும் இரண்டு விநாடி, அதாவது 48 பிரேம் கூடுதலாக விட்டு, எடுத்த அகலத்திலேயே, எடுத்த பிரேம் வேகத்திலேயே, லோகோ இல்லாமல், புரோரெஸ் 422 எச்.க்யூ. என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் கோப்பு ஒன்று. ஹெச்.டி.யில் அது 500 எம்.பி. சுற்றித்தான் வரும். சட்டைப்பையில் வைக்கிற பென் டிரைவில் பத்து க்ளிப் தாராளமாக அடங்கும்.

நெகட்டிவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் அது தனி வேலை, ஒப்புக்கொள்கிறோம். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் பதினான்கு டப்பா. சவுண்ட் நெகட்டிவ் வேறு டப்பாக்களில். பத்து விநாடிக்காக ரீலைத் திறந்தாலும் முழு ரீலையும் பார்த்து, ஒட்டு விட்ட இடங்களைச் சரிசெய்து, சுத்தம் செய்துதான் ஸ்கேனரில் ஏற்ற முடியும். சுருங்கிப்போன ஃபிலிம் பல்சக்கர ஸ்கேனரில் ஏறாது, ஏற்றினால் துளை கிழியும். அந்தச் செலவை ஆவணப்படம் ஏற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால் ஸ்கேன் ஆன முழு ரீலின் ஒரு பிரதி உங்களுக்கும் வந்து சேரும் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் காசில் உங்கள் சொத்து காப்பாற்றப்படுகிறது.

டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) நெடி அடித்தால் ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு டப்பா கெட்டால் அந்த ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். ஏ-டி ஸ்ட்ரிப் என்று ஒரு காகிதத் துண்டு விற்கிறது. டப்பாவுக்குள் போட்டு மூடி ஒரு நாள் வைத்தால் போதும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சைக்குத் திரும்பினால் அவசரம், மஞ்சளானால் உடனே ஸ்கேன். சென்னை வெக்கையில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள குடோனில், ஏசி இல்லாமல் கிடக்கும் நெகட்டிவ் எத்தனை நாள் தாங்கும்? டிஜிட்டல் படம்தானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்கும் ஒன்று: பத்து ஆண்டு ஓடாமல் கிடந்த ஹார்டு டிஸ்க் அடுத்த முறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடாவிலும் இதே கதை: எல்.டி.ஓ.-5 டேப்பை எல்.டி.ஓ.-8 டிரைவ் படிக்காது.

தமிழின் முதல் பேசும்படக் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அவர் நடித்த 1931-இன் 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அவரைப் பற்றி யார் படமெடுத்தாலும் அந்த அத்தியாயத்தில் விளம்பரத் தாளையும் புகைப்படத்தையும்தான் காட்ட முடியும். யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்விகூட அங்கே இல்லை.

அடுத்து, நடந்துகொண்டிருக்கும் படங்கள். ஒரு நடிகையைப் பின்தொடர்ந்து ஆவணப்படம் எடுக்கிறவர்கள் அவருடைய இன்றைய படப்பிடிப்புக்கும் வந்தாக வேண்டும். நீங்கள் பயப்படுவது நியாயம்: கெட்டப் கசியும், கதை கசியும், செட்டின் அளவு தெரிந்துவிடும். ஆனால் இதற்கு நீங்கள் சொல்லும் தீர்வு ஒன்று 'கேமராவே வேண்டாம்', இல்லாவிட்டால் 'வாங்க, பார்த்துக்கலாம்'. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பார்த்துக்கலாம் என்று எடுத்த ஃபுட்டேஜ் யாருடையது என்ற சண்டை படம் வந்து பல ஆண்டு கழித்து வருகிறது. ஃபோனில் எடுத்ததா, யூனிட் கேமராவில் எடுத்ததா, சம்பளத்தில் இருந்தவர் எடுத்தாரா என்று நோட்டீஸில் வரி வரியாகக் கேள்வி. முதல் நாளே ஒரு பக்கக் கடிதம் போட்டிருந்தால் முடிந்திருக்கும்: எத்தனை நாள், எத்தனை கேமரா, மானிட்டரையும் ஸ்கிரிப்ட் பேப்பரையும் எடுக்கக் கூடாது, படம் வெளியாகும்வரை ஃபுட்டேஜ் வெளியே போகாது, வெளியானபின் உரிமை யாருக்கு.

உங்கள் மற்ற அச்சங்களும் எங்களுக்குத் தெரியும். ஒரு க்ளிப்பைக் கொடுத்தால் அது வெட்டி வெட்டி ரீல்ஸில் ஓடும், ரீமேக் பேரத்தில் அடிபடும், ஆவணப்படத்தில் உங்களைப் பற்றித் தப்பாக ஏதாவது வந்தால் உங்கள் காட்சியே உங்களுக்கு எதிராக நிற்கும். முதலிரண்டுக்கும் உரிமத்திலேயே வரி போடலாம். மூன்றாவதற்குப் படத்தை முன்கூட்டிக் காட்டச் சொல்கிறீர்கள், பிடிக்காத வரியை எடுக்கச் சொல்கிறீர்கள். அதை மட்டும் எங்களால் ஏற்க முடியாது. உங்கள் க்ளிப் வருகிற இடத்தை, முன்பின் ஒரு நிமிடத்தோடு காட்டுகிறோம். முழுப்படத்தையும் உங்கள் ஒப்புதலுக்கு வைத்தால் அது விளம்பரப்படம் ஆகிவிடும்.

எங்கள் கோரிக்கைகள்:

க்ளிப் அனுமதிக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு படிவம் கொண்டுவாருங்கள். படத்தின் பெயர், டைம்கோட், விநாடி, நாடு, ஆண்டு, ஊடகம், டிரெய்லர் உண்டா இல்லையா, கட்டணம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

விண்ணப்பம் கிடைத்த 21 வேலை நாளில் பதில் தாருங்கள். 'இல்லை' என்பதும் பதில்தான். எழுத்தில் 'இல்லை' கிடைத்தால் அந்தக் காட்சியில்லாமல் படத்தைக் கட்டிவிடுவோம். இரண்டு ஆண்டு மௌனம்தான் எங்களைக் கொல்கிறது.

விநாடிக் கட்டணத்தை வெளிப்படையாக அறிவியுங்கள். பெரிய ஓ.டி.டி. நிறுவனத்துக்கும், தனியாளாக நின்று எடுக்கும் ஆவணப்படத்துக்கும், கல்லூரி மாணவருக்கும் ஒரே கட்டணம் வேண்டாம், மூன்று அடுக்காக வையுங்கள். படத்தின் நாயகியைப் பற்றியதே ஆவணப்படம் என்றால் ஒரு படத்திலிருந்து முதல் 30 விநாடிக்குக் குறைந்த கட்டணம் வையுங்கள். உரிமைக்காலம் முடிந்த படங்களுக்குக் கட்டணம் கேட்பதை நிறுத்துங்கள். நல்ல பிரதி தருகிறீர்கள் என்றால் அந்தப் பிரதிக்கு மட்டும் விலை சொல்லுங்கள், அது நியாயமான வியாபாரம்.

எந்தப் படத்தின் உரிமை இன்று யாரிடம் என்ற பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள். 1966 முதல் 1990 வரையிலான படங்களிலிருந்து தொடங்கலாம், சிக்கல் அங்கேதான் அதிகம். தகராறு உள்ள படங்களுக்கு எதிரே 'தகராறு' என்றே எழுதி வையுங்கள். அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

இனி கையெழுத்தாகும் புதிய படங்களின் நடிகர் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேருங்கள். நடிப்பவரின் வாழ்க்கையையோ தொழிலையோ பற்றிய ஆவணப்படத்தில், படம் வெளியாகி ஓராண்டுக்குப் பின், இத்தனை விநாடி வரை அவருடைய காட்சியைப் பயன்படுத்த அனுமதி உண்டு, படப்பிடிப்புத் தளத்தில் அவர் சொந்தக் கருவியில் எடுத்தவை வெளியீட்டுக்குப் பின் இன்னாருக்கு உரியவை என்று. விநாடியை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். 38அ பிரிவு 'வேறு ஒப்பந்தம்' என்று திறந்து வைத்திருக்கும் கதவு இது. நடிகர் சங்கத்தையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தில் குரல் கொடுத்த டப்பிங் கலைஞரின் பெயரை க்ளிப் உரிமத்திலேயே எழுதுங்கள், கிரெடிட்டில் போடுவது எங்கள் பொறுப்பு.

படப்பிடிப்புத் தளத்துக்கு ஆவணப்படக் குழு வந்தால், மேலே சொன்ன ஒரு பக்கக் கடிதம் இல்லாமல் உள்ளே விடாதீர்கள்.

கடைசியாக நெகட்டிவ். வைத்துப் பாதுகாக்க முடியாதவர்கள் புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். 1964-இல் தொடங்கிய அந்தக் காப்பகம் 2022 முதல் என்.எஃப்.டி.சி.யின் (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) கீழ் இயங்குகிறது. பெட்டியைக் கொடுப்பதால் உரிமை கை மாறாது. அங்கிருந்து ஒரு காட்சி வேண்டுமென்றாலும் உங்கள் என்.ஓ.சி.யோடு வா என்றுதான் எங்களை அனுப்புவார்கள். அதுவரை, இந்த மாதமே குடோனில் உள்ள டப்பாக்களில் ஏ-டி ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப்புக்குக் காசு செலவழிக்க யோசனையாக இருந்தால், மூடியைத் திறந்து முகர்ந்தாவது பாருங்கள். காடி நெடி அடிக்கும் டப்பாக்களின் எண்களை எழுதி அனுப்பினால், எந்த ரீலை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தருகிறோம். அந்த வேலைக்கு எங்களுக்குக் கட்டணம் வேண்டாம்.

முதல் மூன்று கோரிக்கைகளுக்கு அடுத்த பொதுக்குழுவுக்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். படிவத்தின் வரைவை நாங்களே தயாரித்து வைத்திருக்கிறோம். நாளும் நேரமும் சொன்னால் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஆவணப்படத் தொகுப்பு, காட்சித் தேடல், உரிமை அனுமதி வேலைகளில் இருப்போர்